வலப்பக்கக் குழாய்கள்

பந்தயக் காருக்குள் பொருத்தும் இரும்புக் கூட்டின் இடப்பாதியை வரைந்து நடுக்கோட்டைக் காட்டிவிட்டால் போதும், வலப்பாதியைக் கம்ப்யூட்டரே கண்ணாடியில் காட்டுவதுபோல் போட்டுக் கொடுத்துவிடும். இத்தனை நாளில் அது ஒரு தடவையும் பிசகியதில்லை. அன்றைக்குப் பிசகியிருந்தது. இடப்பக்கம் நேராகச் சாய்ந்து இறங்கிய குழாய், வலப்பக்கத்தில் மட்டும் நடுவில் லேசாக உள்ளே வளைந்திருந்தது.

ஃபிளோரா அழித்துவிட்டு மறுபடி போட்டாள். சரியாக வந்தது. தன் கைதான் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை திறந்தால் இரண்டு குழாய்கள் வளைந்திருந்தன.

வலப்பக்கத்தில்தான் அவள் புருஷன் டொனால்ட் உட்காரப் போகிறான். அடுத்த மாதம் ஷா ஆலமில் பந்தயம். கார் உருண்டால் அவன் உயிருக்கு அந்த இரும்புக் கூடு ஒன்றுதான் காவல். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, டேப் பிடித்து அளந்து, உடம்பைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு சாய்வையும் அவளே வரைந்திருந்தாள். முதல் படத்தை வைத்து முக்கால்வாசிக் கூடு ஒட்டியாகிவிட்டது. மிச்சம் சில குறுக்குக் குழாய்கள்தான்.

யார் கை வைத்தது?

மம்பாவ் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கட்டடம்தான் அவர்கள் பட்டறை. சாவி ஒன்று அவளிடம், இன்னொன்று வெல்டர் ஆம்புரோஸிடம். போன வருஷம்வரை கார் ஓட்டியது ஆம்புரோஸ்தான். கால் முறிந்ததும் சீட் டொனால்டுக்குப் போனது. அதற்காக அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது அதுவே அவளை உறுத்தியது.

தொண்ணூற்றேழு செப்டம்பர். சுமத்ராக் காட்டுத்தீயின் புகை வந்து கவிந்து, பட்டப்பகலிலேயே ரப்பர் மரங்கள் இரண்டு வரிசைக்கு அப்பால் கரைந்துபோய், சுவரில் ஊறிக் கிடந்த பழைய புகைநாற்றமும் புதுப் புகையும் ஒன்றாகித் தொண்டையைக் கமறவைத்தன. முதுகுக்குப் பின்னால் ஆம்புரோஸின் நொண்டிக் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் படத்தை மூடினாள்.

கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, என் படத்தத் தொட்டீங்களா?"

"அத எங்க தட்டி ஆன் பண்றதுன்னே எனக்குத் தெரியாது லா. பேப்பர்ல குடு, வெட்டுறேன். புருஷனுக்குக் கூடு கட்டுறவ நீதானே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று படத்தை டிஸ்கெட்டில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து, டிஸ்கெட்டைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டு ராத்திரி தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். அந்த இரண்டு நாளும் ஆம்புரோஸ் ராசா என்ற ஊரில் தங்கை வீட்டில் இருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் டொனால்டுடன் பட்டறைக்கு வந்து டிஸ்கெட்டைப் போட்டாள்.

ஏழு குழாய்கள்.

டேப்பைத் தூக்கிக்கொண்டு நிஜக் கூட்டுக்கு ஓடினாள். எல்லாம் நேர். நாலு விரல் இடைவெளிக்குப் போட்ட அளவு அப்படியே இருந்தது. மூச்சு வந்தது. ஆம்புரோஸின் வேலை இல்லை. அப்படியானால் யார்?

டொனால்ட் சீட்டைப் பார்க்கிறேன் என்று கூட்டுக்குள் நுழைந்தான். அவள் திரைக்குத் திரும்பி, படத்தை முன்பக்கமாகத் திருப்பினாள்.

வளைந்த குழாய்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். அதற்கு ஒரு வடிவம் இருந்தது. இடத்தோளில் சாய்ந்த தலை. முகத்துக்குக் குறுக்கே தூக்கிய கை.

"என்னங்க, இறங்குங்க."

"இரு, இப்பதானே உக்காந்தேன்."

டங்.

குளிர்ந்த இரும்பின் சத்தம். பின்னாலிருந்து. அவள் கை மவுஸில் இல்லை. திரையில் எட்டாவது குழாய் வளைந்திருந்தது.

டங். ஒன்பது.

"ஃபிளோரா..."

டங். டங்.

திரும்பினாள்.

டொனால்டின் தலை இடத்தோளில் சாய்ந்திருந்தது. கை முகத்துக்குக் குறுக்கே. சுற்றிலும் குழாய்கள், ஒரு விரல்கூட நுழையாமல். ஒரு வெல்டிங்கும் விடவில்லை. பெயின்ட்கூட உரியவில்லை. கைக்கு மேலே அவன் கண்கள் மட்டும் அசைந்தன. அவளைப் பார்த்தன.

கழுத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குழாய் இன்னும் நேராக நின்றது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது மெல்லச் சாயத் தொடங்கியது.