சாவியைத் திருப்பினால் ‘டக்’

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆவூர்க்காரர்களில் பாதிப் பேர் லாரி தள்ளிக்கொண்டிருந்தார்கள். சலவை வேட்டியும் பட்டுச்சேலையுமாக லாரி தள்ளுகிற கூட்டத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

“தள்ளுங்க! இன்னும் கொஞ்சம்! அப்புடித்தான்!” என்று உள்ளே இருந்து கத்தினார் சந்தனராஜ்.

பிளெஸ்ஸிக்கு மானமே போனது. சந்தனராஜ் அவளுடைய அப்பா; லாரியும் அவருடையது. ஆறாம் வகுப்பில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஒருவழியாக லாரி உறுமிக் கிளம்பியது.

ஒரு மாதமாக இதே தொல்லைதான். சாவியைத் திருப்பினால் சில நேரம் சமர்த்தாகக் கிளம்பும். சில நேரம் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் ரகுநாத்தின் பட்டறையில் பத்துத் தடவை திருப்பினாலும் பத்துத் தடவையும் கிளம்பும். வீட்டுக்கு வந்தால் ‘டக்’. அவர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரியையும் புதிதாக மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

போன வாரம் கறம்பக்குடியில் பலாப்பழம் ஏற்றிய பிறகு லாரி மூன்று மணி நேரம் அசையவில்லை. வியாபாரி பழத்தை வேறு லாரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“சாயந்தரம் பொன்னமராவதியிலேருந்து ஒரு ஆளு வண்டியப் பாக்க வாராரு. வித்துட்டு நான் மறுபடி துபாய்க்கே போறேன்.”

அம்மா மரிய செல்வி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். பிளெஸ்ஸி தட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயது ஆகும்வரை அப்பா செல்போனுக்குள்தான் இருந்தார். இரண்டு வருஷமாகத்தான் வீட்டில் இருக்கிறார். ஒரு ‘டக்’ சத்தத்துக்காக அவரைத் திரும்ப அனுப்புவதா?

எழுந்து போய் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். எல்லா இடமும் நீல நிறத்தில் பளபளத்தது.

“அப்பா, மொத மொத எப்ப டக்குன்னுச்சு?” என்று பின்னாலேயே வந்த அப்பாவிடம் கேட்டாள்.

“எஃப்.சி. முடிஞ்ச மறுநாளு.”

எஃப்.சி. என்பது லாரிகளுக்கு அரசாங்கம் நடத்தும் பரிசோதனை. அதற்குமுன் லாரியைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துவிடுவார்கள்.

“அதுக்கு என்னெல்லாம் செஞ்சீங்க?”

“என்னத்தச் செஞ்சோம்? வயரையெல்லாம் கழட்டிட்டு இன்னாசி மாமா பெயின்ட் அடிச்சாரு. அப்பறம் மாட்டுனோம்.”

இன்னாசி மாமா அடுத்த தெரு பெயின்டர். அவர் அடித்தால் ஓர் ஆணித்தலைகூடத் தப்பாது. ஒரு தடவை கதவில் ஒட்டியிருந்த பல்லிக்கும் சேர்த்து அடித்துவிட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

பிளெஸ்ஸி சட்டென்று நிமிர்ந்தாள். போன வாரம் அறிவியல் வகுப்பில் தகர மூடியில் வயரை வைத்து பல்பு எரியவிட்டார்கள். பெயின்ட் அடித்த மூடியில் பல்பு எரியவே இல்லை. சுரண்டிய பிறகுதான் எரிந்தது.

“பேட்டரி வயரு எங்கப்பா மாட்டியிருக்கு?”

“ஒண்ணு ஸ்டார்ட்டருக்குப் போகுது. இன்னொண்ணு எர்த் வயரு. இந்தா, இந்த இரும்புச் சட்டத்துல போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கு.”

“பெயின்ட்டுக்கு மேலயா?”

அப்பா குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.

“கரண்ட் அந்த வழியாத்தானப்பா திரும்பி வரணும்? போல்ட்டு முறுக்குனப்ப கொஞ்சம் பெயின்ட் உரிஞ்சிருக்கும். அதுல பட்டா வண்டி கெளம்புது. குலுங்கி வெலகுனா டக்குங்குது.”

அப்பா ஏறிச் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். கிளம்பியது. மூன்றாவது தடவை, ‘டக்’.

“ஐ! டக்கு!” என்று குதித்தாள் பிளெஸ்ஸி. அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

அப்பா ஒரு தடித்த வயரை எடுத்து, பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக என்ஜின் இரும்புக்குக் கொடுத்தார். சாவியைத் திருப்பினார். லாரி உறுமியது. வயரை எடுத்துவிட்டுத் திருப்பினார். ‘டக்’. மறுபடி வயரைக் கொடுத்தார். மறுபடி உறுமியது.

சத்தம் கேட்டு இன்னாசி வந்து நின்றார்.

“மச்சான், ஒங்க பெயின்ட்டாலதான் ஊரே வண்டி தள்ளுது!” என்று எகிறினார் அப்பா.

விஷயத்தைக் கேட்டதும் இன்னாசியின் முகம் வாடிவிட்டது. பிளெஸ்ஸிக்குப் பாவமாக இருந்தது.

“மாமாவத் திட்டாதீங்கப்பா. அந்த எடத்துல அடிக்க வேணாம்னு யாருமே சொல்லலையே! மாமா, உப்புத்தாள் கொண்டாரீங்களா? ஒங்கள மாதிரி சுத்தமா யாரு தேய்ப்பா?”

இன்னாசி ஓட்டமாக ஓடி உப்புத்தாள் கொண்டுவந்தார். அப்பா பேட்டரி வயர்களைக் கழற்றி, போல்ட்டையும் எடுத்தார். தான் அடித்த பெயின்டைத் தானே தேய்த்தார் இன்னாசி. வெள்ளி மாதிரி இரும்பு மின்னியது. அப்பா எர்த் வயரை அதில் வைத்து, ஸ்பேனரை மகளிடம் நீட்டினார்.

“நீ முறுக்கு, ஆத்தா.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். கையெல்லாம் கிரீஸ்.

ஐந்து மணிக்குப் பொன்னமராவதிக்காரர் வந்தார். பத்துத் தடவை சாவியைத் திருப்பினார். பத்துத் தடவையும் லாரி கிளம்பியது.

“வண்டி அருமையா இருக்கே! பேசி முடிச்சிரலாமா?”

“விக்கிறதா இல்லைங்க” என்றார் அப்பா.

“அப்பறம் எதுக்கு என்னைய வரச் சொன்னீங்க?”

“மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுலயே ஒரு மெக்கானிக் இருக்குறது மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாமப் போச்சு” என்று சொல்லி, பிளெஸ்ஸியின் தோளில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

பிளெஸ்ஸிக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பூசைக்குப் போட்ட புதுப் பாவாடையிலேயே கிரீஸ் கையைத் துடைத்தாள். அம்மா அதைப் பார்த்தும் திட்டவில்லை.

வந்தவர் போன பிறகு அம்மா மெல்லக் கேட்டார்.

“அப்ப எங்கிட்டும் போகலையா?”

“ஏன் போகாம? காலையில கறம்பக்குடிக்குப் போறேன்” என்றார் அப்பா. “ராத்திரி சோத்துக்கு வந்துருவேன்.”