எழுத்து நிற்காத கல்

இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின் மேல் மூடுபனி கலையாத மத்தியானம், ஹெஸ்டர் மறுபடி குழிக்குள் இறங்கினாள்.

மூன்று கோடையாகத் தோண்டுகிறாள். ரோமானியர் காலத்தில் இந்தக் குன்றில் நோடென்ஸ் சாமியைக் கும்பிட்டார்கள் என்று நம்பியவள் அவள் ஒருத்திதான். கிடைத்ததெல்லாம் விரல் நீள வெண்கல நாய்கள். அந்தச் சாமியின் நாய்கள் நக்கினால் புண் ஆறும் என்று நம்பி, நோய் தீர வேண்டி வைத்த காணிக்கை என்றாள். சாமி பெயர் பொறித்த கல் எங்கே என்று தோண்டப் பணம் கொடுத்தவர்கள் கேட்டார்கள். நாளை குழியை மூடப்போகிறார்கள்.

காலையில் கல் கிடைத்தது. பலிபீடம். அதில் சாமி பெயரின் முதல் மூன்று எழுத்துகள், உளி பட்ட கூர்மையோடு. படம் எடுத்தாள், கேமரா கண்ணாடியில் ஆவி படிந்து எல்லாம் வெள்ளை. கூட வேலை செய்யும் கிளெம்மை அழைத்து வருவதற்குள் கல் மொழுமொழுவென்று ஆகியிருந்தது.

"ஈரத்துல கீறலெல்லாம் எழுத்தாத்தான் தெரியும். வா, டீ ஆறுது," என்றான் கிளெம் இப்போது, குழியின் மேலிருந்து.

"கீறலுக்கு வரிசை தெரியுமா, கிளெம்?"

"மூணு வருஷம் முறைச்சா எனக்கும் தெரியும்."

அவன் கூடாரத்துக்குப் போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லின் அடிப்பக்கத்தைச் சுரண்டினாள். மண் உதிர்ந்தது. அங்கேயும் அதே பெயர், இந்த முறை முழுசாக.

நனைந்த நாய்மயிரின் வாடை அடித்தது.

வலக்கையை விரித்து எழுத்துகள் மேல் அழுத்திக்கொண்டாள்.

"கிளெம், இங்க வா. நான் கைய எடுக்க மாட்டேன்."

காதருகே மூச்சிரைத்தது.

வெதுவெதுப்பான, சொரசொரப்பான ஒன்று அவள் விரலிடுக்கில் நுழைந்தது. புண்ணை நக்குவது போல, அவசரமே இல்லாமல்.

அவள் கையை எடுக்கவில்லை. பயத்தை விட ஆத்திரம்தான் மேலே நின்றது. உள்ளங்கைக்கடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மழுங்கின.

கிளெம் வந்து அவள் கையை விலக்கிப் பார்த்தான். வெறுங்கல்.

"இருந்துச்சு. என் கைக்கடியிலயே இருந்துச்சு," என்றாள்.

அவன் கேலி செய்யவில்லை. "உன் கை ஏன் இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். ரேகை பொருந்தவில்லை என்றது போன்.

கையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

விரலிலும் ரேகை இல்லை. உள்ளங்கையிலும் இல்லை.

இடக்கை மடியில் கிடந்தது. அதன் சுண்டுவிரலில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது.