ஆயுள் ஊசி

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கீறல், நகச்சுற்று, கொப்புளம் என்று ஏதாவது இருந்தால் அன்று வெளியே போக அனுமதி இல்லை. அன்றும் பேத்தி மகிழினியின் விரல்களைப் பார்த்து முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். அவள் மணிக்கட்டில் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. என்னுடையது சாம்பல். சர்க்கரைப் புண்ணிலிருந்து காலைக் காப்பாற்றப் போய் அணைந்தது.

கிருமிகள் எல்லா மருந்துக்கும் பழகிவிட்ட பிறகு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கும் அவை பழகிவிடக் கூடாதென்று, ஆளுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை என்று சட்டம் போட்டார்கள். பெயர் ஆயுள் ஊசி. போட்டதும் பச்சை சாம்பலாகிவிடும்.

என் மகள் குயிலிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ, புற்றணுக்களோடு வெள்ளணுக்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. நான் போனபோது காய்ச்சல் நூற்று மூன்று. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே டாக்டர் ரஹ்மத் நிஷா நின்றிருந்தார்.

"ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு ஐயா. எதிர்த்து நிக்க அவங்க உடம்புல தெம்பு இல்ல. ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா பொழைக்க வாய்ப்பிருக்கு."

"போடுங்கம்மா!"

"அவங்க புள்ளி சாம்பல்."

எனக்குத் தெரியாதா? சாம்பலாக்கியவனே நான்தான். அப்போது குயிலிக்கு ஐந்து வயது. மறுநாள் பள்ளி ஆண்டு விழாவில் நடனம், மூக்கில் சளி. மாத்திரை போதும் என்றார் அந்த டாக்டர். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று அடம்பிடித்துக் கைரேகை வைத்தேன். சட்டம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எத்தனை சட்டத்தைப் பார்த்திருக்கிறோம், இதுவும் நாலு நாள் கூத்து என்று நினைத்தேன். மடையன்.

"ரத்த உறவு தன் ஊசியை விட்டுக்கொடுக்கலாம்" என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி. "குழந்தைன்னா பாதுகாவலர் கைரேகை போதும்."

மாப்பிள்ளை போய் மூன்று வருடம். குயிலி படுக்கையில் விழுந்ததிலிருந்து மகிழினிக்குச் சட்டப்படி பாதுகாவலன் நான்தான். ஒப்புதல் திரையை நீட்டினார். கட்டைவிரலை அதனருகே கொண்டுபோனேன்.

"அப்பா." ஒலிபெருக்கியில் குயிலியின் குரல். உள்ளே அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "மகிழோடதா?"

"அவளுக்கு ஏழு வயசுதாம்மா. அவளுக்கு என்ன வந்துடப்போகுது?"

"எனக்கும் அப்படித்தானேப்பா நினைச்சீங்க?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னைக் கேக்காம எனக்குப் போட்டீங்க. அவளைக் கேக்காம அவளோடதை எடுக்காதீங்கப்பா."

விரல் திரைக்கு மேலேயே நின்றது. கை வலித்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரு மணி நேரம் அப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் குயிலி போய்விட்டாள்.

காரியம் முடிந்த வாரத்தில் மகிழினிக்கு இருமல். கிளினிக்கில் இருந்த புது டாக்டர் குழாயை அவள் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "ஊசி ஏதாவது எதிர்பார்க்கிறீங்களா?"

பேத்தியின் மணிக்கட்டை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"வேணாம் டாக்டர். வெறும் சளிதான், தானாப் போயிடும்."

இருபத்தாறு வருடம் தாமதமாகச் சொன்னேன்.