முதல் தண்ணீர்

மெஹ்ரீன் பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது காலை ஐந்தே முக்கால். மன்னார்புரத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு, இதே வேலைக்காக, இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள்.

தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் மாதிரி எடுப்பது அவள் வேலை. இந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரின் ரத்தத்தில் காரீயம் இருப்பதை ஒரு குழந்தை மருத்துவர் கண்டுபிடித்திருந்தார். தீராத வயிற்றுவலி, சோகை. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை இப்போது தன் வீட்டுக் கதவு எண்ணை மறந்துவிடுகிறாள். நான்கு வீட்டுத் தண்ணீரிலும் குறையில்லை. மிஞ்சியவை பள்ளியின் எட்டுக் குழாய்கள்.

இரவெல்லாம் பழைய குழாய்க்குள் நிற்கும் தண்ணீரில்தான் காரீயம் ஊறும். அதனால் காலையில் யாரும் தொடுவதற்கு முன் வருகிற முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இரண்டு முறை பிடித்தாள். இரண்டு முறையும் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது.

இரண்டு முறையும் குழாயடி ஈரமாக இருந்தது.

யாரோ அவளுக்கு முன்பே வந்து குழாயைத் திறந்துவிட்டு, நின்ற தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். வாட்ச்மேன் இன்னாசிராஜ் மீதுதான் சந்தேகம். அதனால் நேற்று மாலை எட்டுக் குழாய்களுக்கும் டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தண்ணீர்க் கொட்டகையின் கம்பிக் கதவைத் தன் பூட்டால் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போயிருந்தாள்.

பூட்டு அப்படியே தொங்கியது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். இருட்டு இன்னும் விலகவில்லை. அந்துருண்டை வாசனை வந்தது, வெகுநாள் திறக்காத பீரோவைத் திறந்ததுபோல.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

டார்ச்சை அடித்தாள். எட்டுக் குழாய்களிலும் டேப் கிழியாமல் இருந்தது. கையெழுத்துகூடக் கலையவில்லை. ஆனால் எட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசிக் குழாய் நின்றது.

பிறகு அதற்கு அடுத்தது.

ஒவ்வொன்றாக, அவளை நோக்கி.

அவள் வெளியே ஓடி வந்தபோது இன்னாசிராஜ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்துட்டீங்களா மேடம்?"

"யாருங்க அது?"

"பழைய தாளாளர் ஐயா. தமிழ்மணி. போய் நாலு வருஷமாச்சு. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். செக்கிங்னு யாரு வந்தாலும் விடியறதுக்கு முன்னாடி வந்து எல்லாக் குழாயையும் அரைமணி நேரம் திறந்து விட்டுருவாரு."

"அப்ப குழாய் சரியில்லன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுரக் கூடாதும்பாரு."

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" அவள் குரல் உடைந்தது. "மூணு தடவை அலைஞ்சிருக்கேன். அந்தப் பிள்ளைங்க இன்னும் அதே தண்ணியைத்தான் குடிக்குது."

"என்னன்னு மேடம் சொல்றது? செத்தவரு வந்து குழாயைத் திறக்கிறாருன்னு ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

மெஹ்ரீன் காலிப் பாட்டில்களைப் பைக்குள் திணித்தாள்.

தலைமையாசிரியை வைஷ்ணவியிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. கடைசியாக ஒரு வாய்ப்பு மட்டும் கேட்டாள்.

"ரெண்டு தடவை பாஸ் ஆயிடுத்தே, இன்னும் என்னம்மா?" என்றார் வைஷ்ணவி அலுப்புடன். "எங்காத்துல தெனம் ஈயச் சொம்புலதான் ரசம் வெக்கறோம். எங்களுக்கு என்ன ஆயிடுத்து?"

"அது வெள்ளீயம் மேடம். இது காரீயம். ரெண்டும் வேற. நாளைக்கு நீங்களே வந்து பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

அன்று மாலை இன்னாசிராஜ் ரெஞ்சால் எட்டுக் குழாய்களையும் கழற்றினார். அவை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடிகளை முறுக்கி இறுக்கினார். திறப்பதற்குக் குழாயே இல்லாவிட்டால் எதைத் திறப்பார்?

மறுநாள் காலை மூவரும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். தரை காய்ந்திருந்தது. மெஹ்ரீனுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அப்போது சுவருக்குள் குழாய் அதிர்ந்தது.

டங். டங். டங்.

"மேல் தொட்டியில காத்து அடைச்சிண்டிருக்கும்," என்றார் வைஷ்ணவி.

இன்னாசிராஜ் முதல் மூடியைத் தளர்த்தினார். மெஹ்ரீன் பாட்டிலை நீட்டினாள். ஐஸ் போன்ற ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐந்து விரல்கள். பாட்டிலை மெதுவாகக் கவிழ்க்கப் பார்த்தன.

காதருகே ஒரு கிசுகிசுப்பு.

"பேரு கெட்டுடும்மா..."

வைஷ்ணவி சுவரோடு ஒட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் அந்தக் குரலுக்குக் கீழே வேலை பார்த்தவர் அவர்.

மெஹ்ரீனின் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. "மூணாவது படிக்கிற குழந்தைங்க சார்!" என்று கத்தினாள். "வீட்டு நம்பர் மறந்துபோச்சு அதுல ஒண்ணுக்கு! உங்க பேரு பெருசா?"

பிடி தளரவில்லை. அவள் இடது கையையும் சேர்த்து, பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, நிரம்பும்வரை நின்றாள். பிறகு விரல்கள் விட்டன. மணிக்கட்டில் ஐந்து வெளிறிய தடங்கள்.

அந்தத் தண்ணீரில், அனுமதித்த அளவைப்போல் பதினான்கு மடங்கு காரீயம் இருந்தது.

வைஷ்ணவி ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அன்று காலையே கேன் தண்ணீர் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சுவரை உடைத்துப் பழைய குழாய்களை அறுத்து எடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளைகளின் ரத்தத்தில் அளவு குறையத் தொடங்கியிருப்பதாக அடுத்த மாதம் மருத்துவர் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியின் நிர்வாகத்துக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் இருந்தன. இரண்டிலும் அதே காலத்துக் குழாய்கள். அங்கும் மாற்றச் சொல்லி மெஹ்ரீன் எழுதினாள். நிர்வாகத்திலிருந்து வந்த பதிலில் நான்கே வரிகள்: ரிப்போர்ட்டை ஏற்க முடியாது, இரண்டு முறை சுத்தமாக வந்திருக்கிறது, பத்திரப்படுத்திய மாதிரியை எங்கள் ஆள் முன்னிலையில் மறுபடி சோதியுங்கள்.

அப்படி ஒரு மாதிரி இருக்கவே செய்தது. அன்று பிடித்த தண்ணீரில் பாதியை இரண்டாவது பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, லேப் ஃபிரிட்ஜில் அவளே பூட்டி வைத்திருந்தாள். பட்டப்பகலில், நிர்வாகத்தின் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, ஃபிரிட்ஜைத் திறந்து அதை எடுத்தாள்.

கையில் கனமே இல்லை.

அரக்கு உடையவில்லை. லேபிளில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. துணி விட்டுத் துடைத்ததுபோலக் காய்ந்திருந்தது.

"தண்ணியே இல்லையே மேடம்," என்றார் வந்தவர், கைப்பையை மூடிக்கொண்டே. "அப்ப எதை வெச்சு டெஸ்ட் பண்ணுவீங்க?"

மெஹ்ரீன் வாய் திறப்பதற்குள் அதே அந்துருண்டை வாசனை வந்தது. யாருமில்லாத அறைக்கோடியில், கை கழுவும் தொட்டியின் குழாய் மெல்லத் திருகித் திறந்துகொண்டது.