குழாயடியில் ஒரு கூட்டம்

பசுமைக் குழுத் தலைவனை எல்லோரும் மைக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமலே அடுத்த தெருவரை கேட்கும் குரல். அவன் பேச ஆரம்பித்தால் உறுப்பினர்கள் எல்லோரும் மாறி மாறிக் கொட்டாவி விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் சிட்டுவுக்கு மட்டும் கொட்டாவி வரவில்லை. குழுவிடம் மிச்சம் இருந்தவை ஐந்தே மரக்கன்றுகள். அவற்றையும் பூங்காவில் நடுவதாகப் பேச்சு. அடுத்த கூட்டத்தில் முடிவாகிவிடும்.

“பூங்காவுல ஏற்கெனவே நிறைய மரம் இருக்கே அண்ணே! பின்தெருவுல ஒண்ணுகூட இல்ல” என்றாள் சிட்டு.

“அங்கேருந்து ஒருத்தராவது கூட்டத்துக்கு வந்திருக்காங்களா? எங்கேருந்தோ வந்து குடியேறினவங்க. அவங்களுக்கு மரத்து மேல என்ன அக்கறை?”

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் சுருட்டைமுடிக்காரி பின்தெருப் பெண். வேறு தேசத்திலிருந்து வந்தவள். நிறம் வேறு, வீட்டில் பேசும் பேச்சு வேறு. “எங்க வாசல்ல ஒரு மரம் இருந்தா தம்பியை நிழல்ல விளையாட விடலாம்” என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அவளுக்கா அக்கறை இல்லை?

திங்கட்கிழமை சிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, நீ கூட்டத்துக்கு வரவே மாட்டேங்குற?”

“சனிக்கிழமை காலையிலதானே எங்க தெருக் குழாய்ல தண்ணி வரும்? விட்டா மறுபடி புதன்கிழமைதான். என் குடத்தை நீ வந்து தூக்குறியா?”

அட, இது ஏன் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை? சிட்டு நேராக மைக் அண்ணனிடம் ஓடினாள்.

“அண்ணே, அடுத்த கூட்டத்தைப் பின்தெருக் குழாயடியில வெச்சுக்கலாமா?”

“குழாயடியிலயா? என்ன விளையாடுறியா?”

“அங்க அவ்வளவு பேர் வரிசையில நிப்பாங்க. குடம் நிறையுற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டாங்க. நீங்க எவ்வளவு நேரம் வேணா பேசலாம்!”

மைக் அண்ணன் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லச் சிரித்தான். “சரி, வெச்சுக்கலாம்.”

சனிக்கிழமை வந்தது. மைக் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். இரண்டாவது வாக்கியத்துக்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒதுங்க இடம் தேடினான். சுவரோரம்கூட நிழல் இல்லை.

“யப்பா, இங்க நிக்கவே முடியலையே!”

“நாங்க வாரம் ரெண்டு தடவை நிக்கிறோம்” என்றாள் சுருட்டைமுடிக்காரி.

மைக் அண்ணன் வாயை மூடிக்கொண்டான். குழுவே அவனை அதிசயமாகப் பார்த்தது. பிறகு, “உங்களுக்கே தண்ணி பத்தலையே. கன்னுக்கு எப்படி ஊத்துவீங்க?” என்று தணிந்த குரலில் கேட்டான்.

“குடத்துல வழியுறதெல்லாம் சாக்கடைக்குத்தானே போகுது? சின்ன வாய்க்கால் வெட்டி மரத்துக்குத் திருப்பிடலாம்!” என்றான் வரிசையில் நின்ற ஒரு பொடியன்.

“நானே வெட்டுறேன்” என்றான் மைக் அண்ணன். “உங்களுக்கு அக்கறை இல்லன்னு சொல்லிட்டேன். தப்புதான். இப்ப சொல்லுங்க, அஞ்சு கன்னும் இந்தத் தெருவுக்குத்தான்னா கையைத் தூக்குங்க!”

வரிசை முழுக்கக் கைகள் எழுந்தன. சுருட்டைமுடிக்காரி தவித்துப்போனாள். அவள் இடுப்பில் ஒரு குடம், மறு கையில் ஒரு வாளி. சிட்டு வாங்கிக்கொள்ள ஓடி வருவதற்குள் அவள் ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

“அண்ணே, என்னை விட்டுடாதீங்க!”

“காலு ஒண்ணு!” என்று கத்தி, மைக் அண்ணன் அதிலிருந்தே எண்ணத் தொடங்கினான்.