இன்னும் மூன்று அமுக்கு

பதினோரு நாள் லீவு முடிந்து, அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் காலை பத்து மணிக்கு வேலைக்குப் போனேன். ஏ.சி. குளிர், டெட்டால் வாடை, எல்லாம் அப்படியேதான் இருந்தது.

லீவு போடக் காரணம் இசக்கித்தாய். வயல் வேலை செய்கிற அம்மா. குடல் ஸ்கேனுக்கு ஆசனவாயில் குழாய் செருகி, ரப்பர் பல்பை அமுக்கிக் காற்றடிக்க வேண்டும். வயிறு தெறிக்கிறது என்று அழுதாள். சும்மா கிடம்மா என்று வள்ளென்று விழுந்து, இன்னும் மூன்று அமுக்கு அமுக்கினேன். சட்டென்று நோவு நின்றுவிட்டது என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. குடல் கிழிந்துதான் அழுத்தம் இறங்கியது என்று புரியாமல், பஸ் ஏறிப் போகச் சொன்னேன். மூன்றாம் நாள் செத்துப்போனாள். விசாரித்தவர்களிடம், அவள் வலியென்று சொல்லவே இல்லை என்று சாதித்தேன்.

லீவு முடிந்து வந்த அன்று, அதே ஸ்கேனுக்கு மேசையில் படுத்தவள் சபீதா. முப்பது வயதிருக்கும். அவள் மாப்பிள்ளை ரசீத் வெளியே உட்கார்ந்திருந்தான். போதும் என்றாள், காற்றடிப்பதைப் பாதியிலேயே நிறுத்தினேன். குழாயை எடுக்காமல் பல்பை மட்டும் மேசையோரம் வைத்துவிட்டு, படம் எடுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கதவைச் சாத்தினேன்.

பல்ப் அமுங்கியது.

யாரும் தொடவில்லை. உப்பியது. மறுபடி அமுங்கியது.

சபீதா துடித்தாள். ஓடிப்போய்ப் பல்பைப் பறித்தேன். என் வலது கையின் மேல் வேறு விரல்கள் இறங்கின. சில்லென்று, சேற்று வாடையோடு.

“எம்மா, தப்பு நான் செஞ்சது. இந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு?” என்று கெஞ்சினேன்.

என் கையை வைத்தே மூன்றாவது தடவையும் அமுக்கியது அந்தக் கை.

சபீதாவின் முகம் தெளிந்தது.

“அண்ணாச்சி, இப்ப நோவே இல்ல.”

குழாயை உருவிவிட்டு உடனே படம் எடுத்தேன். குடலுக்கு வெளியே காற்று. இந்தத் தடவை மறைக்கவில்லை. குடல் கிழிந்துவிட்டது என்று ரசீதிடம் நேராகச் சொன்னேன். சட்டையைப் பிடித்து அறைந்தான். வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சர்ஜன் சங்கரசுப்பிரமணியன் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தைத்தாயிற்று, பிழைத்துக்கொள்வாள் என்று ரசீதிடம் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போய், பைய கேட்டார்.

“கிழிசலச் சுத்தி, கொடலுக்கு உள்பக்கமா அஞ்சு வெரல் தடம் பதிஞ்சு கெடக்கு. பொம்பளக் கை மாதிரி, சின்னக் கை. யாரு கை வே அது?”

என் வலது கையை அது இன்னும் விடவில்லை.