ஊசி அட்டை

அக்காவின் ஊசி அட்டையின் மேல் கருவி கத்தவில்லை.

தங்கை இன்னொரு முறை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். நீண்ட கைப்பிடியும் தட்டையான வட்ட முகமுமாக, பெரிய கரண்டி போலிருந்த அந்தக் கருவியில் முள் கிடையாது, எண் கிடையாது, விளக்கு கிடையாது. உலோகத்தைக் கண்டால் சத்தம் போடும், அவ்வளவுதான். பக்கத்தில் தொங்கிய வேறொருத்தியின் அட்டைக்குக் கொண்டுபோனாள். 'கீ' என்று உயர்ந்து கத்தியது. திரும்ப அக்காவின் அட்டைக்கு வந்தாள். பேச்சில்லை. பதினோரு ஒடிந்த ஊசிகள் டேப்புக்கு அடியில் துண்டோடு துண்டு பொருந்தி வரிசையாகப் படுத்திருந்தன. கருவியைப் பொறுத்தவரை அங்கே வெறும் காகிதம்தான் இருந்தது.

"என்ன சின்னக்கா, மெஷினுக்குக் காது அடைச்சுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் வந்தான். எந்நேரமும் உதட்டைக் குவித்து எதையாவது ஊதிக்கொண்டிருப்பதால் பட்டறையில் அவனுக்கு விசில் என்று பெயர்.

"அக்கா அட்டைக்கு மட்டும் கத்தலைப்பா."

"பெரியக்கா ஊசிகூட வாயைத் திறக்காது போல." அவன் சிரித்தான். "பழைய ஊசி, துருப்பிடிச்சிருக்கும். விடுங்க. அவங்க அட்டையை நான் எந்தக் காலத்துல பார்த்தேன்?"

மெத்தையும் தலையணையும் தைக்கிற பட்டறை அது. மாடியில் தையல், கீழே இந்தச் சோதனை அறை. தைக்கும்போது ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பொருத்தி, தன் பெயருள்ள அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அன்று தைத்த அத்தனையையும் பிரித்துத் தேடுவார்கள். யாரோ ஒரு குழந்தை தலைவைக்கிற தலையணை அல்லவா என்று நினைக்கும்போது அவளுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

அவளும் மாடியில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக முதுகில் ஒரு குத்தல். உட்கார முடியவில்லை. அக்காதான் விசிலிடம் சொல்லி, நின்றுகொண்டே செய்யும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். இன்று ஐந்தாவது நாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க," என்று முதல் நாள் விசில் சொல்லிக்கொடுத்தான். "இந்தத் திருகைத் திருப்பினா ஒரு ரீங்காரம் வரும். அது அடங்குதா அடங்கலையாங்கிற இடத்துல நிறுத்திடுங்க. ஜிப்புன்னா எருமை முனகுற மாதிரி இருக்கும். பட்டன்னா டொக்குன்னு ஒரு தட்டு. ஊசி மட்டும் கொசு காதுக்குள்ள போற மாதிரி மெல்லிசா கத்தும். குறுக்க ஒரு தடவை, நெடுக்க ஒரு தடவை. எங்க உச்சத்துக்குப் போகுதோ அங்கதான் இருக்கும்."

மூன்றே நாளில் அவள் காது பழகிவிட்டது. ஆனால் நேற்றிலிருந்து ஒரு சங்கடம். தலையணையின் மேல் கருவியை ஓட்டி, கடைசி ஓரத்தை நோக்கித் தன் பக்கம் இழுக்கும்போதெல்லாம், மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய சத்தம் எழுந்து அடங்கியது. கொண்டை ஊசியைக் கழற்றி வைத்தாள். தோட்டைக் கழற்றினாள். வளையல் எப்போதோ கழற்றியாகிவிட்டது. சத்தம் போகவில்லை.

விசில் மாடிக்குப் போனான். வெளியே மழை பிடித்திருந்தது. ஈரப் பஞ்சின் வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் கலந்து அறையில் நின்றன. மதிய மணி அடித்தது. தலைக்குமேல் தடதடத்துக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய, நாற்காலிகள் நகர, செருப்புகள் பின்பக்கச் சாப்பாட்டுக் கொட்டகையை நோக்கி இறங்கிப் போக, கடைசியில் தகரக் கூரையில் விழும் மழையைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

அவள் கருவியை மேசையிலிருந்து தூக்கித் தன் நெஞ்சருகே கொண்டுவந்தாள்.

'கீ.'

மேல்சட்டை. அவளுக்கு உடனே தோன்றியது அதுதான். குத்தல் தொடங்கிய புதிதில், குளிர் பட்டால் கூடும் என்று அக்கா பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தது. ஐந்து மாதம் முன்பு மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கடிதம் வந்ததும், மகள் வீட்டுக்கே போய் இருந்துவிடுகிறேன் என்று இவள் சொன்னாள். "போய்ட்டு வா குட்டி. நான் யாரு தடுக்க?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு முறை பஸ்ஸுக்குப் பையைக் கட்டி, இரண்டு முறையும் எழுந்து நிற்க முடியாமல் பையைப் பிரித்தாள். மகளுக்கு இது ஏழாவது மாதம். நாளை சனிக்கிழமை. இந்த முறை தவழ்ந்தாவது போவது என்று முடிவு செய்திருந்தாள்.

மேல்சட்டையைக் கழற்றி மேசையில் விரித்தாள். குறுக்கே ஓட்டினாள். நெடுக்கே ஓட்டினாள்.

அமைதி. ஒரு துணுக்குகூட இல்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பாவத்தை நினைத்துவிட்டேன்! அம்மா போனபின் தன் பங்குச் சோற்றை எனக்குத் தள்ளியவள். எனக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். தினமும் சாயங்காலம் சூடான பால் கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தைலம் தேய்த்து, நான் கண்ணயரும்வரை கையை எடுக்காமல் பிரார்த்தனை செய்கிறவள். 'கடவுளே, இவளை என்னைவிட்டுப் பிரிச்சிடாதே.' அதைக் கேட்டு எத்தனை நாள் தலையணையை நனைத்திருக்கிறேன்! ஒருவர் செய்யும் சின்னச் சின்ன நன்மைகளில்தான் கடவுள் குடியிருக்கிறார் என்று அவள் நம்பினாள். அக்காவிடம்தான் அதைக் கற்றுக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்பதுபோல அக்காவின் அட்டையை எடுத்துத் தடவினாள். டேப்பின் ஓரம் தூக்கிக்கொண்டது. ஒட்டிவிடலாம் என்று நகத்தால் நீவினாள். ஊசி கலைந்தது.

விரலில் கரி.

டேப்பை உரித்தாள். ஊசி இல்லை. பென்சில். கூர் மழுங்காத பென்சிலால், காதும் முனையும் ஒடிந்த இடமுமாக, அவ்வளவு பொறுமையாக வரைந்திருந்தது. பதினொன்றும்.

அப்படியானால் ஊசிகள் எங்கே?

கருவி மேசையில் கிடந்தது. அதை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. வலது தோளுக்கு மேலாகக் கையை வளைத்து, வட்ட முகத்தைப் பிடரிக்குக் கீழே பொருத்தினாள்.

'கீ.'

இரண்டு விரல் அளவு இறக்கினாள். அமைதி. இன்னும் இரண்டு விரல்.

'கீ.'

அமைதி.

'கீ.'

தோள் வழியாக எட்டும்வரை ஆறு. கையை மாற்றி இடுப்புப் பக்கமிருந்து மேலே வந்தாள். ஐந்து. ஒரே சீராக. அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். உள்ளே வைத்த பஞ்சு இடம் நகராமலிருக்க மெத்தையின் நடுவே அக்கா கையால் போடும் ஓட்டத்தையல். பட்டறையில் வேறு யாருக்கும் அவ்வளவு சீராக வராது.

"சாப்பிட வரலையா குட்டி?"

அக்கா வாசற்படியில் நின்றாள். கையில் பிளாஸ்க். உதட்டோரத்தில் ஏதோ ஒன்றைக் கடித்தபடி பேசினாள், தைக்கும்போது பேசுவாளே, அதுபோல.

"அக்கா... உன் அட்டைல ஊசி இல்லை."

"எங்க போயிடும்? பத்திரமாத்தான் இருக்கு." பிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். மேல்சட்டையைப் பார்த்தாள். "ஏன்டி கழட்டின? குளிர் ஏறும்ல."

"நாளைக்கு நான் போகணும்கா. பொண்ணு காத்துட்டு இருப்பா."

"போயேன். பிடிச்சா வெச்சிருக்கேன்?"

அக்காவின் கண்களில் நீர் திரண்டிருந்தது. நடிப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து அழுத அதே கண்கள்.

அவள் கருவியைப் பிடித்தபடியே அக்காவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படியைத் தாண்டினாள். முகத்தில் மழைச் சாரல் பட்டது. எதிரே தெரு. தெருவின் முனையில் பஸ் நிற்கும் இடம்.

முதுகில் சுருக்கென்றது.

திரும்பிப் பார்த்தாள். அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு விரலைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ காற்றில் இழுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக. பக்குவமாக. நூல் அறுந்துவிடக் கூடாதே என்பதுபோல.

அவளுடைய கால் ஒரு அடி பின்னால் வந்தது. இன்னொரு அடி. பிடரியிலிருந்து இடுப்புவரை தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கூடியது, நூலை இழுத்தால் துணி கூடுமே, அப்படி. படி ஏறினாள். அறைக்குள் வந்தாள். யாரையும் நோக்காமல் தொங்கிய கருவி ஓயாமல் கத்தியது.

பழக்கமான உள்ளங்கை முதுகில் வந்து படிந்தது. தைலத்தின் வாசனை.

"அழாதடி. ஆச்சு. முடிச்சு ஒண்ணுதான் பாக்கி."

அக்கா உதட்டிலிருந்து பன்னிரண்டாவது ஊசியை எடுத்தாள். அது ஒடியாமல் முழுசாக இருந்தது.